சித்தப்பாவின் சர்க்கரை மிஷின்

அன்பு மகனுக்கு,

உன் நைனா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். உன் சித்தப்பா மட்டும் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் அம்மாவுக்குத் தெரியாமல் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் யாராவது ரவிக்கைத் துணி கேட்டு வந்தால் எழுத்து கோணிக்கொள்ளும், பொறுத்துக்கொள்.

துபாயிலிருந்து நீ போட்ட கடிதம் போன வாரம் வந்தது. தை மாதம் உன் கல்யாணத்துக்கு வரும்போது எனக்கு வீட்டிலேயே சர்க்கரை பார்க்கிற மிஷின் ஒன்று வாங்கி வருவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசு குளிர்ந்தது. அடுத்த வரியில், ‘சித்தப்பாவுக்கு அவர் மகன் குமார் அனுப்பியது போன்ற மட்டமான சரக்கு வேண்டாம், விலையும் கட்டுப்படியாக வேண்டும், சரியாகவும் காட்ட வேண்டும், எது வாங்கலாம் என்று யாரையாவது கேட்டு எழுதுங்கள்’ என்றிருந்தாய். மட்டமான சரக்கு என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். ஒரு வாரமாகப் பதில் எழுத உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தேன். அந்த மிஷின் மட்டமானது இல்லையப்பா. அதை எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இத்தனை தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், அப்போதுதான் மீதி உனக்குப் புரியும். எனக்கு உன் சித்தப்பாமேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை. எங்கள் நைனா போன பிறகு இந்தக் கடையை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கினோமே, அன்றைக்கு அவன் என்னிடம் தனியாகக் கேட்டது நைனாவின் பெரிய கத்தரிக்கோல் ஒன்றைத்தான். கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அது எவ்வளவு நல்ல கத்தரிக்கோல் என்று தெரிந்தது. அவன் கோடு போடாமலே வெட்டுவான், ஒரு நூல் பிசகாது. நான் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வெட்டினாலும் துணி ஆற்று வாய்க்கால் மாதிரி வளையும். மேல்மலையனூர் பக்கத்திலிருந்து வருகிற ஜனம் பஸ்ஸை விட்டு இறங்கி என் கடையைத் தாண்டித்தான் அவன் கடைக்குப் போக வேண்டும். தாண்டித்தான் போனார்கள். நீயே பள்ளிக்கூடம் விட்டால் என் கடையில் பையை வைத்துவிட்டு அவன் கடையில் போய் உட்காருவாய். வெட்டுத் துண்டுகளைக் கொடுப்பான், கதை சொல்வான். பலகைக்கு அந்தப் பக்கம் நீ சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் இந்தப் பக்கம் துணி மடித்திருக்கிறேன். உன்னிடம் இதை நான் சொன்னதே இல்லை.

சர்க்கரை வியாதி எனக்குத்தான் முதலில் வந்தது. சிரிக்காதே, அதில்கூட எனக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது. கடைவீதியில் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள், நானும் டாக்டர் சொன்னதை விஸ்தாரமாகச் சொல்வேன். எட்டு மாதத்தில் அவனுக்கும் வந்துவிட்டது. விசாரிக்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவன் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார ஆரம்பித்தார்கள்.

அப்போதெல்லாம் வீட்டில் பார்ப்பதென்றால் நீல மருந்துதான். நீயும் பார்த்திருக்கிறாய். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டு சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறம் வந்தால் மோசம். உன் அம்மா சமையல்கட்டுப் பக்கமே விடமாட்டாள். கிணற்றடியில் குந்திக்கொண்டு காற்றுக்குத் துண்டைப் பிடித்து மறைத்துக் கொதிக்க வைப்பேன். எனக்குப் பெரும்பாலும் செங்கல்தான்.

இந்த நேரத்தில்தான் குமார் குவைத்திலிருந்து அந்த மிஷினை அனுப்பினான். உன் சித்தப்பா மகன் உனக்கு ஒரு வருஷம் முன்னால் வெளிநாடு போனதும் எனக்கு ஒரு எரிச்சல், அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள். கைக்குள் அடங்குகிற வெள்ளைப் பெட்டி. விரலில் குத்தி, ஸ்ட்ரிப் என்கிற மெல்லிய பட்டையின் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, அறுபது எண்ணி, பஞ்சால் துடைத்து உள்ளே செருகினால், இன்னும் கொஞ்ச நேரத்தில் பீப் என்று கத்திவிட்டு நம்பரைக் காட்டும். செஞ்சி கடைவீதியே வந்து பார்த்தது. நான் மட்டும் போகவில்லை. உன் சித்தப்பாவே அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

“அண்ணா, இதுல இன்னாவோ இங்கிலீஷ்ல போட்டுகீது. நீதான் எஸ்.எஸ்.எல்.சி. கொஞ்சம் படிச்சு சொல்லேன்” என்று ஒரு மடித்த காகிதத்தை நீட்டினான். அவன் அஞ்சாவதோடு நின்றவன். எங்கள் இரண்டு பேரில் நான் ஒசத்தி என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே விஷயம் அதுதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பீரமாகத்தான் ஆரம்பித்தேன். கையைக் கழுவு, ஈரம் போகத் துடை, இத்தனை விநாடி எண்ணு என்று பாதிவரை சொன்னேன். அதற்குள் அந்த மிஷின் அவன் மடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. மீதியைக் கண்ணால் ஓட்டினேன், வாயால் சொல்லவில்லை. “அவ்ளோதான்டா, மிச்சமெல்லாம் கம்பெனிக்காரன் புராணம்” என்று மடித்துக் கொடுத்துவிட்டேன். அந்த மீதியில் ஒரு வரி, தடித்த எழுத்தில் இருந்தது. ஸ்ட்ரிப்பை வெட்டவோ வளைக்கவோ கூடாது, வெட்டினால் நம்பர் தப்பாக வரும்.

கிளம்பும்போது, “நீயும் காலையில வாணா. ஒண்ணா பாத்துக்கலாம். கிணத்தாண்ட குந்திகினு இன்னாத்துக்கு கஷ்டப்படற?” என்றான். “உன் மிஷினு எனக்கு வேணாம். எம் புள்ள வாங்கி அனுப்புவான், அப்போ பாத்துக்கறேன்” என்றேன். நீ அப்போது திண்டிவனத்தில் டைப் அடிக்கப் படித்துக்கொண்டிருந்தாய். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதன்பிறகு தினமும் காலையில் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து பீப் கேட்கும். உடனே அவன் நம்பரைச் சொல்வான், கடையிலிருப்பவர்கள் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்வார்கள். முதலில் இருநூற்றறுபது, இருநூற்றைம்பது என்றுதான் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் துணி அளக்கிற என் கம்பி வளைந்துவிட்டது என்று அவனுடையதை இரவல் வாங்கப் போனேன். கல்லா மேசையில் நைனாவின் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்ட்ரிப்பாக நீளவாக்கில் இரண்டாக வகுந்துகொண்டிருந்தான். கோடு இல்லை, கை நடுக்கம் இல்லை, சரிபாதி. “இன்னாடா பண்ற?” என்றேன். “ஒரு சொட்டு ரத்தத்துக்கு இம்மாம் அகலம் இன்னாத்துக்குணா? பாதி போதும். மிஷினுக்குள்ள ஆடுது, அதுக்கும் வழி பண்ணிட்டேன்” என்று காட்டினான். புதுச் சட்டைக்குள் வைத்து வருமே வெள்ளை அட்டை, அதில் ஒரு கீற்று வெட்டி, பாதி ஸ்ட்ரிப்போடு பக்கத்தில் ஒட்டியிருந்தான். இரண்டும் சேர்ந்து ஒரு முழு ஸ்ட்ரிப்பின் அகலம். துணிக்கடைக்காரன் புத்தி எப்படி வேலை செய்கிறது பார். “மீதிப் பாதி இன்னாத்துக்குன்னா...” என்று ஆரம்பித்தான். “சரி சரி, கம்பியக் குடு, ஆளு நிக்குது” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கம்பியோடு என் கடைப் படி ஏறும்போதே அந்த வரி ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ரத்தம் பட்டு ஸ்ட்ரிப்பில் ஏறுகிற நிறத்தைப் பார்த்துத்தான் மிஷின் நம்பர் சொல்கிறது என்றும் காகிதத்தில் படித்திருந்தேன். நிறம் அடர்ந்தால் சர்க்கரை கூட, வெளுத்தால் குறைவு. பாதி நிறம், பாதி வெள்ளை அட்டை என்று வைத்தால் அது குறைத்துத்தான் காட்டும். இது எனக்குப் புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம், நடுவில் ஒரு பலகைதான். சொன்னால் ‘அண்ணனுக்குப் பொறாமை’ என்று நினைப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் அப்படி நினைக்கிற ஆளே இல்லை. நினைத்திருந்தாலும் அது சரிதானே? மிஷின் அவனைக் கொஞ்சம் முட்டாளாக்கட்டுமே என்றுதான் உள்ளுக்குள் இருந்தது. அதை இன்று எழுதும்போது கை கூசுகிறது.

மறுநாளே நம்பர் இறங்கிவிட்டது. நூற்றிமுப்பது, நூற்றிருபத்தைந்து. ராஜகிரிக் கோட்டை மலை அடிவாரம் வரை நடக்கிறான் இல்லையா, அந்த நடையும் பாகற்காய்ச் சாறும்தான் காரணம் என்று கடைவீதி முழுக்கப் பேச்சு. நாலு பேர் பாகற்காய் வாங்கிக்கொண்டு போனார்கள். அவன் மாத்திரையைத் தானாகவே பாதியாக்கினான். பக்கத்து டீக்கடையில் சர்க்கரை போட்ட டீ வந்தது, மாலையில் ஜிலேபி வந்தது. உன் அம்மா ஒருநாள் சோறு போடும்போது, “உங்க தம்பியப் பாருங்க, சர்க்கரைய எப்பிடி அடக்கி வெச்சிகீறாரு. நீங்களும் கீறீங்களே” என்றாள். தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இதில் கேவலம் என்ன தெரியுமா? அந்த நம்பர் பொய் என்று ஊரிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தும் அந்தப் பொய் நம்பர்மேல் எனக்குப் பொறாமை வந்தது. கிணற்றடியில் செங்கல் நிறத்தைப் பார்த்துக்கொண்டு, நூற்றிருபத்தைந்து என்று கேட்டால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஐந்து அமாவாசை போனது. அமாவாசையால் கணக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. அவன் மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் பிடித்து ஒரு அமாவாசை தவறாமல் போகிறவன். ஐந்தாவது அமாவாசையில் செருப்பில்லாமல் அந்தக் கூட்டத்தில் நடந்தவன் காலில் ஒரு கண்ணாடிச் சில் ஏறியிருக்கிறது. அவனுக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து நடந்த இடமெல்லாம் ரத்தம் இருப்பதைப் பார்த்து உன் சின்னம்மாதான் கத்தியிருக்கிறாள். மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். “சர்க்கரை நூத்திமுப்பதுதான் கீது, ஆறிடும்” என்று அவன் எல்லோருக்கும் தைரியம் சொன்னான். நானும் போய்ப் பார்த்தேன். கால் வீங்கிக் கறுத்திருந்தது. அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், “டாக்டரப் பாருடா” என்று மட்டும் வந்தது. அவன் போவதற்குள் இன்னும் ஒரு வாரம் ஆகிவிட்டது. பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை நானூறுக்கு மேல். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் மற்றது பிழைத்தது. இதுவரை உனக்கு எழுதியதெல்லாம் ‘காலில் சின்னக் காயம், ஆபரேஷன் ஆச்சு’ என்று. எழுதியதும் நான்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மிஷினு ஏமாத்திட்சுணா. பையன் பாவம், தெரியாம மட்டமான சரக்க வாங்கிட்டான்” என்றான். அதை அப்படியே குமாருக்கும் யாரோ எழுதிவிட்டார்கள். அந்தப் பிள்ளை குவைத்தில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவின் காலை நான்தான் கெடுத்தேன் என்று அழுது அழுது எழுதுகிறான். உனக்கும் எழுதியிருப்பான், அதனால்தான் நீ என்னிடம் அப்படிக் கேட்டிருக்கிறாய்.

அவன் வீடு திரும்பிய பிறகு ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். தூங்கிக்கொண்டிருந்தான். சின்னம்மா மிஷினைப் பெட்டியோடு கொண்டுவந்து, “இத எடுத்துகினு போயி எங்கனா போட்டுடுங்க மாமா, பாத்தாலே பத்திகினு வருது” என்றாள். கூடவே ஒரு பழைய தைல பாட்டிலையும் நீட்டினாள். வாய்வரை பாதி ஸ்ட்ரிப்புகள். பாட்டில்மேல் விலைச்சீட்டு ஒட்டுகிற காகிதத்தில் ‘அண்ணன்’ என்று அவன் கையெழுத்து. “இது இன்னாம்மா?” என்றேன். “உங்களுதுதான் மாமா. ஒவ்வொண்ணுலயும் பாதி உங்களுக்குன்னுதான் வெட்டினாரு. இப்போ ரோசத்துல வரமாட்டேங்குது, என்னைக்கு இருந்தாலும் அண்ணன் வரும், வரும்போது ஸ்ட்ரிப்பு இல்லன்னு சொல்லக்கூடாதுன்னு எடுத்து வெச்சாரு” என்றாள்.

அவன் கஞ்சத்தனத்துக்காக வெட்டுகிறான் என்றல்லவா ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்? தனக்கு ஒரு ஸ்ட்ரிப்கூட அவன் மிச்சம் பிடிக்கவில்லை. அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கியதும் எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமைதான். ஒருவன் எப்படி இப்படி இருக்க முடிகிறது, எனக்கு ஏன் முடியவில்லை என்று ஒரு எரிச்சல். இப்போதும் அது போகவில்லை.

மிஷினை நான் தூக்கி எறியவில்லை. கம்பெனி பாட்டிலின் அடியில் வெட்டாத ஸ்ட்ரிப் மூன்று இருந்தது. விழுப்புரத்துக்கு எடுத்துப் போய், பரிசோதனைக் கடையில் கையிலிருந்து ரத்தம் எடுத்த அதே நேரத்தில் விரலிலும் குத்தி மிஷினில் பார்த்தேன். அவர்கள் கணக்கில் இருநூற்றுநாற்பத்தெட்டு, மிஷினில் இருநூற்றுநாற்பது. சாப்பிட்ட பிறகு மறுபடி ஒருமுறை, அடுத்த வாரம் வெறும் வயிற்றில் ஒருமுறை. மூன்று தடவையும் கொஞ்சம்தான் வித்தியாசம், அந்த அளவு எந்த மிஷினிலும் இருக்கும் என்று அங்கிருந்தவர் சொன்னார். ஆக, மிஷின் சரியானது. குமார் நல்ல சரக்காகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறான். நான்தான் நல்ல அண்ணனாக இல்லை.

அதனால் நீ கேட்டதற்குப் பதில், புது மிஷின் வாங்காதே. அதற்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. மிஷின் ஒருமுறை வாங்குவது, ஸ்ட்ரிப்தான் காலமெல்லாம் வாங்க வேண்டியது. அதன் விலை கட்டுப்படியாகிறதா, மெட்ராஸிலோ பாண்டிச்சேரியிலோ கிடைக்குமா என்று விசாரித்துக்கொள். இதே மிஷினுக்குரிய ஸ்ட்ரிப்தானா என்று பெயரைப் பார், காலாவதிக்கு எத்தனை மாதம் பாக்கி இருக்கிறது என்று பாட்டிலைத் திருப்பிப் பார். மூடியைத் திறக்காமல் கொண்டுவா. சித்திரை வைகாசியில் இந்த மலைப்பாறைகள் விடுகிற சூட்டில் திறந்து வைத்தால் கெட்டுவிடும். பஞ்சு நல்லதாக ஒரு சுருள் கொண்டுவா, கடைத் துணியில் துடைத்தால் சரியாக வராது என்று காகிதத்தில் இருக்கிறது. இந்த முறை முழுக்கப் படித்துவிட்டேன்.

நீ வந்தபிறகு குமாரோடு எப்படி இருக்க வேண்டும் என்று நீட்டி முழக்கமாட்டேன். அவன் உன்னைவிட முன்னால் போனான், உன்னைவிட அதிகம் சம்பாதிக்கலாம், உன் மாமனார் வீட்டார்கூட அவனை மெச்சலாம். வயிறு எரிந்தால் எரியட்டும், அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அவன் காலடியில் கண்ணாடி கிடந்தால் அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல்லிவிடு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவனுக்கு எழுது, தப்பு பெரியப்பாவுடையது, மிஷினுடையதும் இல்லை, அவனுடையதும் இல்லை என்று எழுது.

சித்தப்பாவிடம் இன்னும் நான் சொல்லவில்லை. மூன்று தடவை பலகைவரை போய்த் திரும்பினேன். உனக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் முதலில் உனக்கு எழுதினேன். தபாலாபீஸிலிருந்து நேராக அவன் கடைக்குப் போகிறேன். பெட்டியும் காகிதமும் பையில் இருக்கிறது. ‘அன்னைக்கு பாதிதான் படிச்சேன்டா, மீதியக் கேளு’ என்று பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிக்கப் போகிறேன். அந்த வரி வரும்போது நிறுத்தமாட்டேன். அவன் கெட்டிக்காரன், நான் விளக்க வேண்டியிருக்காது. திட்டினால் வாங்கிக்கொள்வேன். எனக்கு அவனைத் தெரியும், திட்டமாட்டான். ‘போவுது வுடுணா’ என்பான். அதற்கும் நான் பொறாமைப்படுவேன்.

ஸ்ட்ரிப் இரண்டு பாட்டிலாகக் கொண்டுவா, ஆளுக்கு ஒன்று முழுசாக வேண்டும். அதுவரை இந்தப் பாதிகளை நான் எறியப் போவதில்லை.

உன் நைனா